மலைக்கோட்டைப் படியில் என் முதுகுவலி

திருச்சி ஜில்லாவில் முதுகுவலி வந்தவர்களெல்லாம் பலகையில் படுத்துக் கிடந்த காலத்தில், அவர்களைக் கிளப்பி மலைக்கோட்டை ஏறவிட்ட ஒரே மனிதர் சாக்பீஸ் கம்பவுண்டர்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்குவது அவர் உத்தியோகம். முதுகுவலி ஆராய்ச்சி அவருடைய பைத்தியம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நான் டைப்பிஸ்ட். ஒருநாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அந்த ஸ்ரீரங்கம் டாக்டர் ஆறு வாரம் படுக்கச் சொன்னார். கம்பவுண்டர் மருந்து சீசாவை நீட்டிக்கொண்டே ரகசியமாகச் சொன்னார்.

"படுத்தே கிடந்தா வலியை விட பயம் பெரிசாயிடும் சார். ஞாயித்துக்கிழமை மலைக்கோட்டைக்கு வாங்க."

"ஏறினா முதுகு ஒடிஞ்சிடாதா?"

"ஒடிஞ்சா எந்தப் படின்னு குறிச்சுக்கிறேன்."

குறிப்பது என்றால் நோட்டில் அல்ல, படியிலேயே. வலி தொடங்கும் படியின் மூலையில் சாக்பீஸால் நம் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். அடுத்த வாரம் அதைத் தாண்டி ஒரு படியாவது ஏற வேண்டும். முதல் வாரம் என் எழுத்து முப்பதாவது படியில் விழுந்தது. ஜவுளிக்கடைக்காரர் பன்னிரண்டிலேயே "அம்மாடி!" என்று உட்கார்ந்துவிட்டார். முசிறி வாழைக்காய் வியாபாரி தனக்கு இறங்கும்போதுதான் வலிக்கிறது என்றார். அவர் எழுத்தைத் தலைகீழாகப் போட்டார் கம்பவுண்டர். சாமி கும்பிட வந்தவர்கள் எங்கள் எழுத்துகளையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, மதராஸ் பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்க்கச் சம்மதித்தார். படித்தவர் ஒருவராவது தன் ஆராய்ச்சியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கம்பவுண்டரின் வாழ்நாள் ஆசை. டாக்டர் வருவதற்கு முதல்நாள், திருவிழாவுக்காகப் படிகளைக் கழுவிவிட்டார்கள். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

"பரவாயில்லை! மறுபடி ஏறுங்க. வலிக்கிற படியில நில்லுங்க, டாக்டர் பார்க்கட்டும்!"

பதினோரு பேர் ஏறினோம். போன வாரம் என் எழுத்து இருந்த படி எப்போது போனதென்றே எனக்குத் தெரியவில்லை. இடையில் லேசாகச் சுருக்கென்றது. அதற்காக நிற்கத் தோன்றவில்லை. யாருமே நிற்கவில்லை. உச்சிப் பிள்ளையார் சன்னிதியே வந்துவிட்டது.

கம்பவுண்டர் அழாக்குறையாகக் கேட்டார். "யாருக்காவது கொஞ்சம் வலிக்குதா பாருங்களேன்!"

பின்னாலேயே வந்த டாக்டர் சிரித்தார். "இவங்க யாருக்கும் எப்பவும் வியாதியே இருந்திருக்காதுய்யா."

எனக்கு மனசு கேட்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எனக்கு வலிக்குது டாக்டர்!" என்று உட்கார்ந்தேன்.

கம்பவுண்டர் ஓடிவந்து என் முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாசாங்கு டாக்டர்," என்றார். "இவர் முதுகு தேறிடுச்சு."

டாக்டர் இறங்கிப் போய்விட்டார். ஆராய்ச்சியும் அன்றோடு முடிந்தது. தான் தோற்றாலும் என் முதுகு தேறியதே போதுமென்று சந்தோஷப்பட்ட அந்த மனிதரை, என் கூடப்பிறந்தவர்களை விட எனக்குப் பிடிக்கும்.