எழுபது வீதம் வரவேற்பு

கண்டி வட்டாரத்தில் நீதி பிழையில்லாமல் நடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பிறப்பு, இறப்புப் பதிவுகளின் பிரதி கொடுக்கும் எங்கள் அலுவலகத்தின் கணினி அறை. அங்கே அதை நிலைநாட்டியவன் நான். தற்புகழ்ச்சி அல்ல, கோப்பில் இருக்கிறது.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சேர்வர் கணினி. வாசல் திரையில் அலுவலகத் தலைவரான பணிப்பாளர் குத்துவிளக்கேற்றுவதாக ஓயாமல் ஓடும் வரவேற்புப் படம், ஊழியர் வரவுப் பதிவு, பொதுமக்களின் பிறப்புச் சான்றிதழ் தேடல் மூன்றும் அதன் தலையில்தான். ஒருநாள் தேடலுக்குக் கூட்டம் கூடியதில் வரவேற்புப் படம் திக்கியது. பணிப்பாளரின் கை தீக்குச்சியோடு அப்படியே நின்றுவிட்டது. உடனே "அவசரக் கூட்டம்".

பணிப்பாளர் இராமகிருஷ்ணன் கேட்டார்: "தியாகராஜா, இந்த மிசினுக்கு ஆள் தராதரம் தெரியாதா?"

"தெரியாது சேர். நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

"அப்ப சேவை மூப்புப்படி சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தேன். எந்த வேலைக்கு எவ்வளவு செயலி, எவ்வளவு நினைவகம் என்று இயங்குதளத்தில் வரம்பு கட்டலாம். வரவேற்புப் படத்துக்கு எழுபது வீதம். வரவுப் பதிவுக்கு இருபத்தெட்டு. மிச்சம் இரண்டு பொதுமக்களுக்கு. நினைவக வரம்பை மீறும் வேலையை இயங்குதளமே நிறுத்திவிடும். இவ்வளவு கண்டிப்பை நான் எந்த மேலதிகாரியிடமும் கண்டதில்லை.

தெல்தோட்டையிலிருந்து வேலாயி வந்தார். மகள் பரிமளத்துக்கு வெள்ளிக்கிழமை தாதியர் பயிற்சிக்கான நேர்முகம். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்களின் பெயர்களை நாங்கள் நாலு விதமாகப் பதிந்து வைத்திருப்பதால், அவற்றைத் தேட நினைவகம் சற்றுக் கூடுதலாக வேண்டும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் தேடல் பாதி வழியில் வரம்பை மீறியது. "விதிப்படி" நிறுத்தப்பட்டது. மூன்று நாளும் வேலாயி கொழுந்து பறிக்கப் போகாமல் எங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பணிப்பாளர் விளக்கேற்றுவதைத் தடங்கலின்றிப் பார்த்தார்.

வெள்ளி காலையும் அதேதான்.

"ஐயா, ரெண்டு மணிக்கு இன்டர்வியூ. மிசின் பழுதுன்னு ஒரு கடுதாசி குடுங்க. அதக் காட்டி ரெண்டு நாள் தவணை கேக்குறோம்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் பொய் எழுதுகிறவன் அல்ல.

"மிசின்ல ஒரு பழுதும் இல்லம்மா. நாங்க சொன்னபடிதான் செய்யுது."

வேலாயி திரையைப் பார்த்தார். பணிப்பாளர் மறுபடியும் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

"சரிங்க ஐயா. அப்ப தெரிஞ்சேதான் செஞ்சோம்னு எழுதிக் குடுங்க."