பொட்டு வைத்த வேப்பமரம்

ஹைதராபாத்திலேயே தலையணைக்கு மீசை வரைந்த ஒரே மனிதர் எங்கள் அமீர்பேட் ஹாஸ்டல் 'லத்தீன்'தான். சத்தியம் செய்து சொல்வேன்.

தூத்துக்குடிக்காரர். பாதிரியாராகப் படிக்கப் போய், பாதியில் வெளியே வந்தவர். அங்கி அவரை விட்டது, லத்தீன் மொழி விடவில்லை; அதுவே பட்டப்பெயரும் ஆயிற்று. தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கும் அந்தத் தெருவில், நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நோய்ப் பெயரில் பாதி லத்தீனாம். மனிதர் அங்கே ராஜா.

லத்தீனில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண், பெண், அல்லது இரண்டும் இல்லை. அதைப் படித்தால் ஏறாது, தினமும் கண்ணில் பட்டால்தான் ஏறும் என்பது அவர் கட்சி. ஆகவே அறையில் பெண்பாலுக்கெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு. ஆண்பாலுக்கு மார்க்கரில் மீசை. மேசை, நாற்காலி, ஜன்னல் எல்லாம் பொட்டோடு லட்சணமாக இருந்தன. கட்டிலும் தலையணையும் முறுக்கு மீசையோடு முறைத்தன. கூரை மட்டும் இரண்டிலும் சேராமல், பாவம், மொட்டையாக இருந்தது.

மரியாதை வேறு. கதவை யாராவது அறைந்து சாத்தினால், "அவங்களப் பாத்துச் சாத்தும் வே" என்பார்.

பொட்டு வாங்கும் ஃபேன்ஸி ஸ்டோரில், வீட்டில் எத்தனை பெண்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டார்கள். ரூம் நிறைய இருக்காங்க என்று சொல்லிவிட்டு வந்தார். எங்களுடையது ஆண்கள் ஹாஸ்டல். விஷயம் அவருக்கு முன்பே ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தது. ஓனர் மூச்சிரைக்க மாடியேறிச் சோதனை போட்டதில் சிக்கியது, பொட்டு வைத்த ஒரு பக்கெட்.

வாசலில் ஒரு வேப்பமரம். லத்தீனில் மரம் பெண்பால், அதனால் அதற்கும் பொட்டு. ரூமில் இடமில்லாததால், ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நிழலில்தான் பாடம் நடத்துவார். அந்த மரத்தைத்தான் பைக் நிறுத்த இடம் வேண்டும் என்று வெட்ட ஆள் கூட்டி வந்தார் ஓனர். லத்தீன் கெஞ்சிப் பார்த்தார். எடுபடவில்லை.

வந்தவர் கோடாரியோடு மரத்தைச் சுற்றினார். பொட்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"அம்மவாரு உந்தி சார். மேமு கொட்டம்."

அம்மன் குடியிருக்கும் மரத்தை வெட்டமாட்டாராம். ஓனருக்கோ அது யார் கைவரிசை என்று நன்றாகத் தெரியும். வைத்தது நீதானே, இவரிடம் நீயே சொல் என்று லத்தீனை முன்னால் தள்ளினார்.

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கிள்ளினேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மரம் பிழைத்துவிடும். ஆனால் பொட்டு வாங்கிய கடையில்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். கண் கலங்க மரத்தைத் தொட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னார்.

"நேனே பெட்டானு. கானி ஈமெ நிஜங்கா ஆடமனிஷே."

நான்தான் வைத்தேன், ஆனால் இவர் நிஜமாகவே பெண்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, கோடாரிக்காரர் லத்தீன் காலில் விழுந்து கிடந்தார். அம்மன் நேரில் வந்து சொல்லாமல் ஒருவர் இப்படி அழுவாரா என்பது அவர் நியாயம். பாதிரியாராகியிருக்க வேண்டியவர், கூச்சத்தில் நெளிந்தார். இது வெறும் இலக்கணம் என்று சாயங்காலம் வரை எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். அதற்குள் மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் வந்துவிட்டன. இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஊதுபத்தி ஏற்றுவது ஓனரேதான் என்று கேள்வி. ஞாயிறு வகுப்பும் அதே நிழலில் நடக்கிறது.

மரத்தைக் காப்பாற்றுவதற்குக்கூடப் பொய் சொல்லாத அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் கல்யாணமாகி கச்சிபௌலிக்கு வந்துவிட்டேன். உயரமான ஃபிளாட், எட்டிப் பார்த்தால் ஒரு மரம்கூடத் தெரியாது. எங்கள் ஜன்னலில் ஒரு பொட்டு இருக்கிறதே, யார் வேலை என்று மனைவி கேட்டாள்.

நான்தான் ஒட்டினேன்.