மாமியைத் துரத்த வந்த பறங்கித் தளபதி

பள்ளிவாசல்துறை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புள்ள மச்சான் நூஹுவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் இங்கே சுகம். கட்டார் வெயிலில் நீங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். உங்கள் தங்கை ஸுல்பிகா சுகம். உங்கள் உம்மா, அதாவது என் மாமி, மிக நல்ல சுகம். தொல்லையே அங்கேதான்.

மச்சான், நான் டீவியில் வரப்போகிறேன்! கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்து நம் கரையில் பறங்கியர் காலத்துச் சரித்திர நாடகம் எடுக்கிறது. கதையில் ஒரு முஸ்லிம் வியாபாரி உண்டு. நான் முஸ்லிம்தானே, எனக்குத் தாருங்கள் என்று முதல் ஆளாகப் போய் நின்றேன். டைரக்டர் மாத்தையா என் பூனைக்கண்ணையும் செம்பட்டை முடியையும் பார்த்துவிட்டு, "உங்கட மொகத்துல முஸ்லிம் களையே இல்லயே" என்றார்! அந்த வேடத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பொடியன் வந்திருந்தான். அவனுடைய தாடி தனியாகப் பெட்டியில் வந்திருந்தது. "நீங்க பறங்கித் தளபதி" என்று என் தலையில் இறகு வைத்த தொப்பியைக் கவிழ்த்தார். கோபம் வந்ததுதான். ஆனால் கண்ணாடியைப் பார்த்தேன், என்ன அழகு மச்சான்! உடனே மன்னித்துவிட்டேன்.

வேலை லேசு. வள்ளத்தில் வந்து குதித்து, வாளை உருவி, "பொழுது சாயமுன்ன எல்லாரும் ஊர விட்டுப் போங்க!" என்று கத்த வேண்டும், சனம் அழுதுகொண்டே போக வேண்டும். சனத்துக்கு நம் ஆட்களையே பிடித்திருந்தார்கள். முன்வரிசையில் மாமி. கத்தினேன். ஒருத்தர் அசையவில்லை. மாத்தையா தலையில் கைவைத்தார். மறுபடியும் கத்தினேன், மாமி மணலில் சப்பணம் கட்டி இருந்துவிட்டார். "தொண்ணூறுல மன்னார்ல இயக்கக்காரனுகள் துவக்கோட வந்து முஸ்லிம் சனத்துக்கு இதத்தான் சொன்னானுகள். எல்லாத்தையும் விட்டுட்டு இந்தக் கரைக்கு வந்தோம். இனி எந்தப் பறங்கி சொன்னாலும் எழும்ப ஏலா!" அவ்வளவுதான், சனம் முழுக்க இருந்துவிட்டது. "மாமி, இது நடிப்பு!" என்று கெஞ்சினேன். "அப்ப நீங்க போங்க மகன், வள்ளம் நிக்கிதுதானே" என்கிறார்! உங்கள் தங்கை கைதட்டிச் சிரிக்கிறாள்.

அடுத்த மாதம் மறுபடி எடுக்கிறார்களாம். அன்றைக்கும் சனம் போகாவிட்டால் தொப்பி வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு ராத்தூக்கம் இல்லை. ஆகையால் மாமிக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்து, "மருமகன் துரத்தினா கொஞ்சத் தூரம் போங்க உம்மா" என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

தொப்பிக்காக உயிரை விடும்,
மச்சான் முனாஸ்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன்பே மாத்தையா வந்துவிட்டார், மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம். குதித்தேன், வாளை உருவினேன். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தாமலே வாளை உறையில் போட்டுவிட்டேன் மச்சான். மன்னாரில் வாப்பா வீட்டைப் பூட்டிய அன்று எனக்குப் பத்து வயது. தொப்பியை அந்தக் கொழும்புப் பொடியன் தலையில் வைத்துவிட்டு, மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டேன். அவனும் கத்திப் பார்த்தான், பாவம். மாமி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கோல் எடுக்க வேண்டாம். எடுத்தால் என்னையும் எழும்பச் சொல்ல வேண்டிவரும். நான் எழும்ப மாட்டேன்.