நர்ஸம்மா எழுதிய பத்தாவது வரி

வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் கட்டிக்கொள்ளும் எந்தப் பெண்ணும், முதல் ஆறு மாதத்துக்குத் தன்னைப் பாதி டாக்டர் என்றுதான் நினைத்துக்கொள்வாள். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது. முக்கால் டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (மீதிக் கால் டாக்டர்தான் பரீட்சையில் பாஸாகியிருந்தது.) அந்த நினைப்பில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில், பேசாமல் வீட்டில் படுத்துக் கிடந்த நோயாளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் என் கைப்பட எழுதி வரவழைத்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, போத்தனூருக்குப் பக்கத்தில் மில்காரர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கென்று ஒரு அறை, ஒரு மேஜை, டிங்ச்சர் பாட்டில் வைத்த ஒரு அலமாரி. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஜில்லா சுகாதார அதிகாரி திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு என்ன எழுதுகிறாரோ, அதை வைத்துத்தான் முடிவு. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஆசுபத்திரி வேலை? எப்பத் திரும்பி வாரே?" என்று ஊரில் அப்பா வாராவாரம் கார்டு போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாராவாரம் பதில் எழுதாமல் இருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கண்வலி பரவியது. கூடவே பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பூசணிக்காய் மாதிரி வீங்கிய பிள்ளைகள் பெஞ்சுக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி வருவதற்குள் ஏதாவது செய்துகாட்ட வேண்டுமே! பெற்றோர்களுக்கு ஒரு நோட்டீஸ் அடித்து அனுப்பிவிடலாம் என்று தோன்றியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைமையாசிரியர் ரங்கசாமி அறைக்கு ஓடினேன்.

அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "எழுதுங்க. சைக்ளோஸ்டைல் மிஷின் இருக்குது. ஆனா சுத்தறதுக்கு முன்னால ஸ்டென்சிலை எங்கிட்டக் காட்டிப்போடுங்க" என்றார்.

"ஒரு எழுத்துப் பிசகாதுங்க சார். கையெழுத்துக்குப் பிரைஸ் வாங்கியிருக்கறனுங்க" என்றேன். (வாங்கியது நாலாம் வகுப்பில். பிரைஸ் ஒரு பென்சில்.)

அவருக்கு வேறு வேலை இருந்தது. விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாடுகூட இறங்கவில்லை, ஸ்டென்சில் மெழுகுத்தாளில் ஊசிப்பேனாவால் எழுதினேன். ஒவ்வொரு வரி முடியும்போதும் அடுத்த வரி தானாக ஓடிவந்தது. நகத்தை வாரம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். ஊக்கு, ஆணி, கோலிக்குண்டு முதலியவற்றை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். இப்படிப் பத்து வரி. முந்நூறு பிரதி சுற்றி, மை காய்வதற்குள் பிள்ளைகள் கையில் கொடுத்து, "ஊட்டுல படிச்சுக் காட்டோணும். படிக்கத் தெரியாதவங்க பக்கத்து ஊட்டுல குடுத்துப் படிக்கச் சொல்லோணும்" என்று மிரட்டியும் அனுப்பினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குத் தூக்கமே இல்லை. அதிகாரி என்னைப் பாராட்டும் காட்சியை விதவிதமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மில் சங்கு ஊதும்போதே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். வாசலைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவ்வளவு கூட்டம்! அப்பா அம்மாவெல்லாம் பிள்ளைகளோடு வந்து நிற்கிறார்கள். சைக்கிள் கேரியரில் கம்பளி சுற்றிய பிள்ளைகள். ஒரு மாட்டுவண்டி நிறையப் பிள்ளைகள். ஒரே ஒரு நோட்டீசுக்கா இத்தனை மரியாதை! நான் கையைக் கூப்பிக்கொண்டே, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்று கல்யாண வீட்டுக்காரி மாதிரி வரவேற்றேன்.

கிட்டப் போனதும்தான் கவனித்தேன். கம்பளிக்குள் இருந்த பிள்ளை வெடவெடவென்று நடுங்கியது. வண்டியில் இருந்த எட்டுப் பேருக்கும் கண் செக்கச்செவேலென்று இருந்தது.

பழனாத்தா என்று ஒரு அம்மா, மில் தொழிலாளி வீடு, கன்னம் வீங்கிய மகனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஏனுங்க அம்மணி, வரவே மாட்டேனுட்டு ஒரே அழுவைங்க. நோட்டீசுல போட்டுப்போட்டாங்களே, என்ன பண்றதுன்னு ரெண்டு சாத்துச் சாத்தித் தூக்கிட்டு வந்துபோட்டனுங்க" என்றார்.

"எந்த நோட்டீசுலங்க?"

"நீங்க குடுத்ததுதானுங்க."

அதற்குள் இன்னொரு அம்மா வெறுங்கையோடு வந்து அழுகிற குரலில், "எம்பட புள்ளைக்கு அம்மை போட்டிருக்குதுங்க. ஊட்டை உட்டு வெளிய கொண்டாந்தா ஆத்தா கோவிச்சுக்குவாளுங்க. அவனுக்கு மட்டும் லீவு குடுங்க" என்றார்.

சின்னச்சாமி என்ற விவசாயி கடைசியாக வந்தார். கைப்பிடியில் திடகாத்திரமான ஒரு பையன். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சுக்கோணுமுங்க நர்ஸம்மா. இவனுக்கு ஒண்ணுமே இல்லீங்க. நேத்திருந்து பாத்துட்டேன். ஒரு தும்மல்கூட வரலீங்க. உள்ள உடுவீங்களா, திருப்பிக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?"

பழனாத்தா கையிலிருந்த நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. பத்தாவது வரி இப்படி இருந்தது:

"காய்ச்சல், கண்வலி, சிரங்கு, அம்மை, பொன்னுக்கு வீங்கி கண்ட பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்."

ஒன்பது வரி 'வேண்டும், வேண்டும்' என்று எழுதிய கை, பத்தாவதில் 'வேண்டாம்' எழுத மறந்துவிட்டது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று கீழே பார்த்தேன். சிமெண்டுத் தரை. மில்காரர்கள் கெட்டியாகவே போட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி இறங்கினார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்பது பிள்ளைகள் இருமினார்கள். "என்ன இது, பள்ளிக்கூடமா, பெரிய ஆசுபத்திரியா?" என்று கேட்டு, என் கையிலிருந்த நோட்டீசை எடுத்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் என் உயிர் ஒரு அங்குலம் இறங்கியது. பத்தாவது வரியைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

தலைமையாசிரியர் முன்னால் வந்தார். "நான் பாத்துத்தானுங்க சுத்தச் சொன்னேன். தப்பு என் பேர்ல" என்றார்.

அவர் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை! சிரிக்கவே தெரியாத அந்த மனிதர் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றார். "இல்லீங்க! சார் காட்டச் சொன்னாருங்க. நான்தானுங்க திமிருல காட்டலே. எல்லாம் என்ற தப்புங்க" என்று கத்தியேவிட்டேன். வேலை போயிற்று, அப்பா கார்டுக்குப் பதில் எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரியின் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு!

"அம்மா, நானும் இத்தனை வருஷமா நோட்டீஸ் அடிச்சு ஊர் ஊரா ஒட்டறேன். மாடு தின்னுதே தவிர, மனுஷர் ஒருத்தர் படிச்சதில்ல. உங்க நோட்டீசைக் கடைசி வரி வரைக்கும் படிச்சு, அதும்படி நடந்திருக்காங்க பாருங்க!"

பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "வந்ததுதான் வந்துட்டாங்க, எல்லாரையும் பாத்துடலாம். கண்வலி இந்தப் பக்கம், கன்னம் அந்தப் பக்கம், காய்ச்சல் வேப்பமரத்தடி" என்றார். நான் பறந்தேன். மத்தியானம் வரைக்கும் வெந்நீர், பஞ்சு, சொட்டு மருந்து என்று ஓடியதில் என் கஞ்சிச் சேலை கந்தலாகிவிட்டது. சின்னச்சாமியின் பையனுக்கு ஒன்றும் இல்லாததால் அவனை வாளி தூக்க வைத்தோம். அவருக்கு அப்போதுதான் முகத்தில் நிம்மதி வந்தது.

கிளம்பும்போது அதிகாரி தண்டனையைச் சொன்னார். முந்நூறு நோட்டீசையும் வீடு வீடாகப் போய் நானே கைப்படத் திருத்த வேண்டும். நாலு நாள் நடந்தேன். போன வீட்டிலெல்லாம் மோர் கொடுத்துவிட்டுத்தான் பேசவே விட்டார்கள். ஒரு அம்மா மட்டும் நோட்டீசை நீட்டாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு அனுப்போணும்னீங்க, இன்னைக்கு வேண்டாங்கறீங்க. நாளைக்கு வந்து மறுபடி மாத்திப்போட மாட்டீங்களே?" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டரை வாரம் கழித்து ஒரு காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்தால், என் முகத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பூசணிக்காய் இருந்தது.

பழனாத்தாதான் முதலில் ஓடிவந்தார், கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே. "பொன்னு போட்டாத்தானுங்க வத்தும். பேசாம இருங்க." அந்த மாதிரி வைத்தியத்தை எதிர்த்து நான் நோட்டீஸ் திருத்தப் போனபோதுதான் அவர் வீட்டில் அரைமணி நேரம் பிரசங்கம் செய்திருந்தேன். இப்போது வாயைத் திறக்க முடியவில்லை. சங்கிலியைப் போட்டுவிட்டு, "எந்திரிக்கப் படாது, குளுந்த தண்ணி குடிக்கப் படாது, பள்ளிக்கூடம் போகவே படாது" என்று என்னிடமே வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார். கன்னம் வற்றியது. (சங்கிலி போடாவிட்டாலும் வற்றியிருக்கும். இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.) வேலையும் நிரந்தரம் ஆயிற்று.

கல்யாணமான புதிதில் இதை என் வீட்டுக்காரரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்கள். விளைவு, பரீட்சை நாளானால் போதும், எங்கள் வீட்டில் ஒரு வாண்டு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக இப்படிச் சொல்லும்:

"ஆத்தா, எனக்கு உடம்பு ரொம்ப நல்லா இருக்குது. இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கட்டுங்களா?"