தொட்டுச்சா என்று கேட்ட அம்பயர்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும், கையை ஓங்காமல், கெட்ட வார்த்தை பேசாமல், குரலைக்கூட உயர்த்தாமல் ஆண்பிள்ளைகளைக் கிடுகிடுவென்று நடுங்க வைத்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தொழிற்சாலை கான்டீனில் டீ போட்டவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சம்பள நாளில்கூட 'கவுன்டி மாமு' என்று கூப்பிட்டால்தான் வரிசையிலிருந்து நகர்ந்து வருவார்.

நான் அங்கே டிராயிங் ஆபீஸில் டிரேசராக இருந்தேன். இயந்திரப் படங்களின் மேல் டிரேசிங் துணியை விரித்து, மைப்பேனாவால் கோடு பிசகாமல் பிரதி எடுக்கிற வேலை. கோட்டை நேராகப் போடுகிற பெண் கணக்கையும் நேராகத்தான் எழுதுவாள் என்று யாரோ முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டங்களுக்கு என்னை ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிட்டார்கள். ஆகவே மாமு செய்த அட்டகாசங்களை நான் கொட்டகை நிழலில், மேசை போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

யுத்தத்துக்கு முன்னால் மாமு கப்பலில் சமையல் ஆளாக இருந்தார். ஒரு தடவை இயந்திரம் பழுதாகி, அவருடைய கப்பல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கோடை முழுக்கக் கட்டிக் கிடந்தது. வேலை இல்லை, பாஷை தெரியாது, கோடை என்றாலும் குளிர். ஜனங்கள் கூட்டமாக எங்கோ போகிறார்களே என்று பின்னாலேயே போனவர், கவுன்டி மாட்ச், அதாவது அந்த ஊர் ஜில்லா டீம்களின் கிரிக்கெட், நடக்கிற மைதானத்தில் போய்ச் சேர்ந்தார். அப்புறம் கப்பல் கிளம்பும்வரை அவர் வேறெங்கும் போகவில்லை.

அந்த மைதானத்தைப் பற்றி டீ ஆற்றிக்கொண்டே சொல்வார். முழங்காலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். ஒரு கிழவி குனிந்த தலை நிமிராமல் காலுறை பின்னிக்கொண்டே, கை தட்ட வேண்டிய இடத்தில் மட்டும் சரியாகத் தட்டுவாளாம். மழை வந்தால் எல்லோரும் உள்ளே போவார்கள், விட்டால் வெளியே வருவார்கள், யாரும் மழையைத் திட்டமாட்டார்கள். எதிர் டீம்காரன் நன்றாக அடித்தாலும் தட்டுவார்கள். முதல் நாள் மாமு உற்சாகத்தில் விசிலடித்தாராம். அத்தனை பேரும் திரும்பி, கோபமே இல்லாமல், இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல் பார்த்தார்களாம். அதற்குமேல் விசில் வாயில் வரவில்லை.

ஆனால் கதை எங்கே ஆரம்பித்தாலும் ஓர் இடத்தில்தான் வந்து நிற்கும்.

"பதினோரு பேரு கீறானுங்க. ஒர்த்தனும் வாயத் தொறக்கல. அம்பயரு தும்மிக்கினு கீறாரு. ஆடிக்கினு இருந்தவன் மட்டும் பேட்ட கக்கத்துல சொருவிக்கினு வெளிய நடக்க ஆரம்பிச்சிட்டான். பந்து தொட்டுச்சின்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு ஒடம்பு ஆடிப்போச்சு பாப்பா. கோயில்ல கற்பூரம் காட்டும்போதுகூட அப்டி ஆனதில்ல."

இதிலிருந்து மாமு ஒரு சட்டம் செய்துகொண்டார். அவுட்டா இல்லையா என்பது ஆட்டக்காரனுக்குத் தெரியும்; தெரிந்தவனை விட்டுவிட்டு அடுத்த ஆள் விரலைத் தூக்குவது அவனை அவமானப்படுத்துவது. இந்தச் சட்டத்தோடுதான் அவர் எங்களுக்கு அம்பயராக நின்றார். திருவொற்றியூர் வெயிலில் கயிற்றுப் பாய் விரித்த மணல் மைதானத்தில் சும்மா நிற்க வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் நிற்கவும் விட்டார்கள்.

பந்து பிடித்தவன் கத்தினால் மற்ற அம்பயர்கள் விரலைத் தூக்குவார்கள், இல்லையென்றால் தலையை ஆட்டுவார்கள். மாமு இரண்டும் செய்யமாட்டார். ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, மெதுவாக நடந்து வந்து ஆட்டக்காரனின் தோளில் கையை வைப்பார். முகத்துக்கு நேராகப் பார்த்து, ஜுரக்காரனை விசாரிப்பதுபோல் கேட்பார்:

"தொட்டுச்சா நைனா?"

பதில் வரும்வரை கையை எடுக்கமாட்டார், கண் இமைக்காது. இல்லை என்று சொன்னால் "சரி, ஆடு" என்று திரும்பிவிடுவார். எதைச் சொன்னாலும் இவர் நம்பிவிடப் போகிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரியும். மிரட்டுகிறவரிடம் பொய் சொல்லிவிடலாம், நம்புகிறவரிடம் எப்படிச் சொல்வது? முரட்டு ஃபிட்டர்கள்கூட உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

எங்களுக்குள் நடந்த ஓர் ஆட்டத்தில் ஒரு டர்னர், தொட்டதை உடனே ஒப்புக்கொண்டான். மாமு தோளிலிருந்து கையை எடுப்பதற்குள், டூல் ரூமில் டிரில் பிட்டை உடைத்து மணலில் புதைத்ததும் தான்தான் என்று சேர்த்துச் சொல்லிவிட்டான். ஸ்லிப்பில் நின்றிருந்தவர் டூல் ரூம் ஃபோர்மன். பெரம்பூரிலிருந்து வந்த ஓர் ஆட்டக்காரர், மாமு பாதி தூரம் வருவதற்குள் பேடோடும் கையுறையோடும் சுவரேறிக் குதித்து ஓடினார். இதை ஸ்கோரில் எப்படி எழுதுவது என்று மாமுவைக் கேட்டேன். "பயந்துகினு வூட்டுக்குப் பூட்டாருன்னு எழுது பாப்பா" என்றார். எழுதினேன். வேறு எந்தத் தலைப்பிலும் அது அடங்கவில்லை.

எங்கள் ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருவர்தான் துணிந்து 'தொடவில்லை' என்று சாதித்தார். மட்டையில் பட்ட சத்தம் என் மேசைக்கே கேட்டிருந்தது. மாமு நம்பினார். மறுநாள் கான்டீனில் அவருக்கு டீயை இரு கையாலும் கொடுத்தார். நம்ம குமாஸ்தாவே இல்லைன்னுட்டார், அப்புறம் என்ன பேச்சு என்று கேட்டவர்களையெல்லாம் அடக்கினார். குமாஸ்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. வார முடிவில் கான்டீனுக்குள் வந்து, 'தொட்டுச்சு மாமு' என்று அழுதார். மாமு அவரைத் தட்டிக்கொடுத்து, எதிர் டீம் கேப்டனிடமும் சொல்லிவிடலாம் என்று புளியந்தோப்பு வரை பஸ்ஸில் கூட்டிப்போனார். தோற்றுப்போனவர் வீட்டு வாசலில் இரண்டு ஆட்கள் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன நினைப்பார்? கேப்டன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். குமாஸ்தா தன் பாவத்தை ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மாமுவை நிறுத்திவிட வேண்டும் என்று எங்கள் கேப்டன் மூன்று தடவை கான்டீனுக்குப் போனார். மூன்று தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினார். நேரில் சொல்ல அவருக்கும் பயம்.

இப்போதெல்லாம் நான் பார்க்கிற ஆட்டங்களில், மட்டையில் பட்டது கொட்டகைவரை கேட்டாலும் ஆட்டக்காரர் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அம்பயர் பார்க்கவில்லையென்றால் நடக்கவே இல்லை என்று கணக்கு. பிடித்தவரும் தரையில் பட்டதை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு குதிக்கிறார். கெட்டிக்காரத்தனம் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். மாமு அம்பயராக இருந்தவரை எங்கள் மணல் மைதானத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லவில்லை.

நான் நடுங்கிய நாளைச் சொல்கிறேன்.

என் அண்ணன் மணி அதே தொழிற்சாலையில் வார்ப்படப் பகுதியில் தற்காலிக ஆள். ஆர்டர் குறைந்துவிட்டதால் மாத முடிவில் தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அம்மா, அவன், நான் என்று மூன்று பேர். என் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே இழுபறி. அப்போதுதான் லேபர் ஆபீசர் அண்ணனைக் கூப்பிட்டு, ராயபுரத்துச் சரக்குக் கம்பெனி டீமை ஜெயித்துக் கொடு, உன்னை நிரந்தரமாக்குகிறேன் என்றார். அந்த டீமிடம் நாங்கள் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தோம். அது அவருக்குக் கௌரவப் பிரச்சினை.

அந்த வாரம் எனக்கு மூன்று பயங்கள் இருந்தன. அண்ணன் சீக்கிரம் அவுட்டாகிவிடுவான் என்பது முதலாவது. லாரியில் வந்து இறங்கும் ராயபுரத்து ஆட்கள், தீர்ப்பு பிடிக்காவிட்டால் அம்பயர் மேல் கல்லெறிவார்கள் என்பது இரண்டாவது. மாமு போய் அண்ணனிடம் கேட்பார் என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் பெரியது. அண்ணனுக்குப் பொய் வராது.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மூன்றும் சேர்ந்து வந்தன. இன்னும் ஏழு ரன் வேண்டும், எங்களிடம் மிச்சமிருந்தது கடைசி ஜோடி, அதில் ஒருவன் அண்ணன். பந்து அவனைத் தாண்டிப் போய் விக்கெட் கீப்பரின் கையில் விழுந்தது. அந்தக் கீப்பருக்குப் பட்டப்பெயர் சங்கு. மில்லில் ஊதுகிற சங்கு மாதிரி கத்துவான். கத்தினான். லாரியோடு வந்த கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தது. கைகளில் கல் இருந்தது. பெஞ்சில் லேபர் ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமு நடக்க ஆரம்பித்தார்.

என் பென்சில் முனை ஒடிந்தது. இல்லை என்று சொல்லு அண்ணா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

தோளில் கை விழுந்தது. 

"தொட்டிருக்கும் மாமு" என்றான் அண்ணன். அப்புறம், "தொட்டுச்சு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் மாமு திரும்பவில்லை. பிடித்தவனிடமும் ஒரு வார்த்தை கேட்பது அவர் முறை. சங்குவின் தோளில் கையை வைத்தார். சங்கு மாமுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தானே தவிர அவரிடம் மாட்டியதில்லை. அவன் முகம் வெளுத்தது.

"தொடல மாமு" என்றான். "கால்ல கட்ன பேடு வார்ல பட்டுது. நான் சும்மா கத்துனேன்."

நான் எழுதிய எந்த ஆட்டத்திலும் இப்படி ஒரு சண்டை நடந்ததில்லை. எங்கள் ஆள் தன்னை அவுட் என்கிறான். அவர்கள் ஆள் இல்லவே இல்லை என்கிறான். எங்கள் கேப்டன் ஓடிவந்து அண்ணனைத் திட்டினார். அவர்கள் கேப்டன், "டேய் சங்கு, மூளை கீதாடா உனக்கு" என்று சொந்தக் கீப்பரின் சட்டையைப் பிடித்தார். கல் வைத்திருந்தவர்களுக்கு எந்தப் பக்கம் எறிவது என்று விளங்கவில்லை. அதனால் எல்லோரும் மாமுவைச் சூழ்ந்துகொண்டு, நீயே சொல்லு என்று கத்தினார்கள்.

அவ்வளவு வருஷத்தில் மாமுவிடம் யாரும் தீர்ப்புக் கேட்டதில்லை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து தண்ணீர் கேட்டார். டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

"பயம் இவனுங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு கீறியா பாப்பா?" என்று மெதுவாகச் சொன்னார். "தப்பா சொல்லிட்டா ஒர்த்தன் பொழப்பு பூடும். அந்தப் பயத்துலதான் நான் கேட்டுக்கினே திரிஞ்சேன். இப்ப இன்னா செய்யறது? நீ பாத்தியா?"

கண்ணை என் முகத்தில் வைத்துவிட்டார். கை தோளில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் மணியின் தங்கை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டார். தொடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார். அம்மாவையும், வாடகையையும், மாத முடிவையும் நினைத்தேன்.

"இங்கேருந்து தெரியாது மாமு" என்றேன். "எனக்குத் தெரியல."

அவருக்கு முகம் தெளிந்தது. "எனக்கும்தான் தெர்ல" என்றார், ஏதோ பாரம் இறங்கியதுபோல. நடு மைதானத்துக்குப் போய் உரக்கச் சொன்னார்:

"எனக்குத் தெர்ல. தெரியாத கேஸுல தூக்கு கெடையாது. ஆடு நைனா."

எந்த அம்பயரும் தெரியவில்லை என்று சொல்லி அந்தக் கூட்டம் கேட்டதில்லை. என்ன சொன்னாலும் எறியத் தயாராக இருந்தவர்கள் இதற்குத் தயாராக இல்லை. ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் சிரித்தான், கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றுக்கு வெளியே போனார்கள்.

அடுத்த பந்தில் அண்ணனின் நடு ஸ்டம்பு பறந்தது. மாமு ஓர் அடி எடுத்து வைத்தார். "கேக்காத மாமு, நான் போறேன்" என்று அண்ணன் ஓடியே வந்துவிட்டான். தோற்றோம். லேபர் ஆபீசர் யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போனார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் மாத முடிவு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அண்ணன் வழக்கமாகப் போகிற நேரத்துக்கு முன்னாலேயே வேலைக்குப் போனான். நான் டிரேசிங்கில் மை சிந்தினேன்.

ஒரு காலையில், ஆபீசுக்கு டீ கொண்டுவந்த மாமு லேபர் ஆபீசரின் அறைக்குள் போனார். அந்த அறைக்கும் எங்கள் டிராயிங் ஆபீசுக்கும் நடுவே இருப்பது மேலே திறந்த கண்ணாடித் தடுப்பு. தட்டை மேசையில் வைத்தவர் திரும்பி வரவில்லை. சுற்றிக்கொண்டு போய் ஆபீசரின் தோளில் கையை வைத்தார்.

எங்கள் பக்கத்தில் எல்லாப் பேனாக்களும் நின்றன. அந்த ஆபீசரின் மேசையைத் தொட்டதற்காக ஒரு பியூனுக்குச் சீட்டுக் கிழிந்த ஆபீஸ் அது. மாமுவின் வேலை போயிற்று என்று பக்கத்து டேபிள்காரர் முணுமுணுத்தார்.

"நீங்களே சொல்லுங்க சார். மணி வேலையில எதுனா கொறை கீதா?"

ஆபீசர் ஃபைலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். மாமு கையை எடுக்கவில்லை.

"இல்லப்பா" என்றார் கடைசியில்.

"சரி சார்" என்று மாமு தட்டை எடுத்துக்கொண்டார்.

மாத முடிவுக்கு முன்னால் அண்ணனை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்தது. ஆபீசர் மாமுவை ஒன்றும் செய்யவில்லை. அவர் டீ கொண்டுவரும் வேளையில் மட்டும் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார் என்று கேள்வி.

ஆனால் அன்று காலை இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தடுப்பைத் தாண்டி வெளியே வந்த மாமுவின் கையில் தட்டு நிற்கவில்லை. கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன, டீ தளும்பித் தட்டில் ஓடியது.  நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, என் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். அன்று டிராயிங் ஆபீஸில் அத்தனை மேசைக்கும் டீ கொடுத்தது நான்தான்.