டையை இறுக்கினது இறுக்கினதுதான்

திருகோணமலை,
கோயில் கொடியேறிய மறுநாள்.

அன்பும் அடக்கமும் நிறைந்த மருமகன் ஜெயகாந்தன் அவர்களுக்கு மாமா பஸ்தியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நானும் மாமி சீலாவும் சுகம். கனடாவில் நீங்களும் மகள் சுலக்ஷனாவும் பேத்தி அனெற்றாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலை நீங்கள் நிறுத்திவிட்டீர்களே. அதனால்தான் முத்திரை ஒட்டிக் கடிதம்.

நான் செய்த குற்றம் என்ன? சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கோதைப் பழைய அளவுக்கு நெரித்து, வெடிமருந்து அடைத்து, மறுபடி சுடுவது உங்கள் பொழுதுபோக்கு. அதைப் போனில் காட்டச் சொல்லி நான் கேட்டனானா? பேத்திக்கு முளைத்த புதுப் பல்லைப் பார்க்கக் கதிரை போட்டு இருந்த மனுசனுக்கு, மேசையில் பூட்டிய பிறஸ்ஸையும் அதன் தலையில் திருகிய டை என்கிற இரும்பு அச்சையும் காட்டினீர்கள். கோதை நெரிக்கிற டை அது, அதன் திருகுப் புரி பாதி வெளியே நிற்குது, டைக்கும் கோது நிற்கிற அடித்தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியுது. துறைமுக வேர்க்ஷொப்பில் ஆயுசு முழுக்க வின்ச் பூட்டினவன் நான். கடலில் எல்லாம் ஆடும், அரைப் புரியில் விட்ட நட்டெல்லாம் கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது. ஆகவே, “தம்பி, முட்ட இறுக்குங்கோ, முட்டின பிறகும் ஒரு இழுவை இழுங்கோ” என்றேன். நீங்களும் “ஓம் மாமா” என்று இறுக்கினீர்கள். ஓம் சொன்ன வாய் உங்களுடையது.

அதற்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? போன் ஸ்பீக்கரில் கிடக்க, காது மந்தமான நான் “தோட்டா, துவக்கு” என்று கத்த, அடுத்த வீட்டு ஜமால்தீன் மதிலால் எட்டிப் பார்த்து, “அண்ணன், இந்த வயசில தோட்டா வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நேவிக் காம்ப் பக்கத்தில இருக்கு” என்று கேட்க, மாமி பயந்து யன்னலெல்லாம் சாத்தி, இனிமேல் தோட்டாவுக்குப் பணியாரம் என்றுதான் பேர் என்று சட்டம் போட்டா. அடுத்த ஞாயிறு நானும் அடக்கமாக, “பணியாரம் நீளமா வருது தம்பி, இன்னும் இறுக்குங்கோ” என்றேன். கோல் முடிய முதல் ஜமால்தீனின் மனுசி ஜெமீலா, பணியாரம் என்ற சத்தம் கேட்டு, மதிலுக்கு மேலால் ஒரு வெறும் பீங்கான் தட்டை நீட்டினா. உங்கள் டையை முன்னிட்டு மாமி அன்று பின்னேரம் முழுக்கக் குசினியில் நின்று மெய்யாகவே பணியாரம் சுட வேண்டியதாப் போச்சு.

இப்போது மகள் சொல்கிறாள், துவக்குச் சுடும் போட்டியில் உங்கள் கோது பிளந்து, அடிப்பாதி வெளியே வர மேற்பாதி துவக்குக்குள் சிக்கிவிட்டதாம், கிளப்காரர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். “அப்பா, அவரிட்ட ஒரு சொறி சொல்லுங்கோவன்” என்கிறாள். ஏலாது. பித்தளை மெல்லிசு, உங்கள் ஊர்க் குளிர் பொல்லாதது, அதற்கு நான் என்ன செய்ய? ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம். இரும்பைப் பற்றி மாமா சொன்னது இதுவரை பிழையாய்ப் போனதில்லை, இனியும் பிழையாது. பேத்தியை மறைத்து வைத்து என்னைப் பணிய வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நான் பணிய மாட்டன், கடிதம் எழுதிக் கெஞ்சவும் மாட்டன்.

உங்கள் குடும்பத்தை மாதா தன் கரங்களில் ஏந்திக் காக்க வேண்டும் என்று மன்றாடும்,
மாமா,
வ. பஸ்தியாம்பிள்ளை.

பி.கு.: மகள் அனுப்பிய கோதின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோதின் கழுத்துக்குக் கீழே இருக்கிற தோள் அளவுக்கு மிஞ்சி அமுங்கித்தான் கிடக்கிறது, அதுதான் பிளந்திருக்கு. டையைக் கால் சுற்று மேலே எடுங்கோ, பிறகு நெரித்த கோதைத் துவக்கில் போட்டுப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு பிடியுங்கோ. இதை நான் சொன்னதாக மாமிக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனைப் பிள்ளைப் பக்கம் திருப்பி வைத்தால் போதும் தம்பி. நான் ஒண்டும் கதைக்க மாட்டன், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பன்.