அண்ணன் கொடுத்த பற்கள்

அண்ணனின் இரண்டாவது ஞானப்பல்லும் செத்துப்போயிருந்தது.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்த தம்பி, ஆய்வகத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பல்லுக்குள் இருக்கும் கூழிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்துத் தட்டில் பெருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்தாலான சின்னச் சாரக்கட்டில் அவற்றைக் குடியேற்றித் தாடைக் குழியில் வைத்தால் எலும்பு வளரும். அதுதான் அவன் வேலை. பஸ் ஓட்டுநரான அண்ணனுக்குத் தாடையில் கட்டி எடுத்ததில் குழி விழுந்தபோது, "என் அண்ணனுக்கு நானே வளர்த்துத் தர்றேன்" என்று பல் டாக்டரிடம் மார்தட்டியவனும் அவன்தான்.

முதல் பல்லின் செல்கள் பட்டினியில் செத்தன. கருத்தரங்குக் கட்டுரையில் மூழ்கியதில் ஊட்டத் திரவத்தை மாற்ற மறந்துவிட்டான். அந்தப் பயத்தில் இரண்டாவதைப் பச்சைக் குழந்தைபோல் சும்மா சும்மா மூடியைத் திறந்து பார்த்தான். பார்த்துப் பார்த்தே பூஞ்சை பிடித்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அண்ணன் வீட்டுக்குப் போனான். இருவரும் இருப்பது ஒரே ஊரில்தான்.

"வாடா பெரிய மனுஷா! என் பல்லு சௌக்கியமா?"

"சௌக்கியம்ண்ணே." நாக்கு தானாகப் புரண்டது. "செல்லுதான் கொஞ்சம் பத்தல. இன்னொரு பல்லு இருந்தா..."

"எடுத்துக்கோ. கோணலா முளைச்சது, வாயில இருந்து என்ன பண்ணப்போகுது? உக்காரு, சாப்பிட்டுப் போ."

"தம்பிக்கு வேலை இருக்கும்ங்க" என்றார் அண்ணி.

"பல்லு குடுக்கிறவன் சொல்றேன், உக்காரட்டும்."

ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு, சில்லறைக்குச் சண்டை போடும் பயணிகளையெல்லாம் நடித்துக் காட்டினார் அண்ணன். சிரித்துச் சிரித்துத் தம்பிக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே எப்படிச் சொல்வது? சொல்லாமலே வந்துவிட்டான்.

மூன்றாவது பல்லுக்குப் பூஞ்சை மருந்தைத் தாராளமாக ஊற்றினான். பூஞ்சை வரவில்லை. செல்களும் மிஞ்சவில்லை.

போன் அடித்தது.

"என்னடா, ஆளையே காணோம்? பத்தலையா? கடைசியா ஒண்ணு இருக்கு. நாளைக்குக் காலையில பிடுங்கிட்டு, ஐஸ்ல போட்டு வீட்டுல வைக்கிறேன். வந்து வாங்கிக்கோ."

"அண்ணே, வேண்டாம்ண்ணே, நான் சொல்றதைக் கேளு..."

"பஸ்ஸை எடுக்கணும்டா, வச்சிடறேன்."

மறுநாள் காலை மூச்சிரைக்க ஓடினான். கதவைத் திறந்த அண்ணி, "பல் டாக்டர்கிட்ட அப்பவே போயிட்டாரு, இந்நேரம் பல்லைப் பிடுங்கியிருப்பாங்க" என்றார். அண்ணனின் போன் மேஜைமேல் கிடந்தது.

தம்பி நாற்காலியில் சரிந்தான். பட்டினி, பூஞ்சை, மருந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"மூணு பல்லையும் நான்தான் அண்ணி பாழாக்கினேன். ஒவ்வொரு தடவையும் வாய் கூசாம பொய் சொன்னேன். அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்? அந்தத் தாடைக் குழிக்கு இனி என்ன வழி?"

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"குழி தானாவே மூடிக்கிச்சுன்னு மூணாவது பல்லு எடுக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. பல்லு வேணும்னாத்தான் நீங்க வீட்டுப் பக்கம் வர்றீங்கன்னு, இவருதான் குடுத்துக்கிட்டே இருக்காரு."